மொட்டை மாடியில் ஒரு சிலுவை

மே 3, காலை 10.50.

சிகாகோவின் பதினெட்டாம் தெருவில், நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஹசிந்தோ விழுந்தான். கீழே பேக்கரி வாசலில் நின்றவர்கள் முதலில் ஒரு செங்கல் விழுவதைப் பார்த்தார்கள். அடுத்து ஆள். கத்துவதற்குக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்று கொத்தனார்களின் திருநாள். மெக்சிகோவில் பிறந்த கொத்தனார், சிகாகோ என்ன, சந்திர மண்டலத்துக்கே வேலைக்குப் போனாலும், மே மூன்றாம் தேதி கட்டடத்தின் உச்சியில் பூ வைத்த சிலுவையை நட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவான். ஹசிந்தோவும் தம்பி நிக்கானோரும் விடியற்காலைப் பூசையில் மந்திரித்து வாங்கி வந்த சிலுவையை ஏழே காலுக்கு நட்டார்கள். மூன்றரை மணி நேரம் கழித்து, அதற்கு மூன்றடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் தெருவில் கிடந்தான்.

11.02-க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. நிக்கானோர் கூடவே ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் இருந்த மற்ற இரண்டு சித்தாள்கள் சைரன் கேட்டதுமே மாயமானார்கள். கையில் குடியேற்றத் தாள் இல்லாதவன் சைரனைக் கேட்டு நிற்பானா? அவர்களைக் குறை சொல்ல முடியாது.

12.00-க்கு முதலாளி டெரெக் வந்தார். 12.05-க்கு மாடியில் ஒரு படம் எடுத்தார். 12.30-க்கு போலீஸ் மாடியைப் பூட்டி முத்திரை வைத்தது.

மே 4, காலை 11.00.

ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் நிக்கானோர் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். எதெல்வினா வந்து அவன் பக்கத்தில் அமர்ந்தாள்.

எதெல்வினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டையும் அட்டைப்பெட்டி ஆலையின் இயந்திரம் எடுத்துக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று ஆலை முதலாளி எழுதிக் கொடுத்த தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். ஏமாந்தோம் என்று புரிய ஒரு வருடம் பிடித்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கோயில் நிலவறையில் வேலையாட்களை உட்காரவைத்து, உயிரோடு வீடு திரும்புவது எப்படி என்று பாடம் நடத்துகிறாள். ஹசிந்தோ முன்வரிசை மாணவன். கேள்வி கேட்டே உயிரை வாங்குவான்.

“சாப்பிட்டியா?”

“இல்லக்கா.”

“டெரெக் குடுத்த தாளைக் காட்டு.”

நிக்கானோர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ‘சிலுவை கட்டுவதற்காக நான் தடுப்புக் கட்டையைக் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. அதனால் என் அண்ணன் விழுந்தார்.’ அடியில் கையெழுத்துக்குக் கோடு.

“மூணரைக்கு மாடிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பாதுகாப்பு ஆய்வாளரம்மா வராங்களாம். நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டா விபத்துன்னு முடிஞ்சிடும்ங்கிறாரு டெரெக். போடலைன்னா போலீஸு, அப்புறம் குடியேற்ற ஆபீஸு.”

“நீ கழட்டினியா?”

“கழட்டறதுக்கு அங்க என்னக்கா இருந்துச்சு? தடுப்பே கிடையாது. ஒரு குச்சிகூட இல்ல.”

“சிலுவைய எங்க வெச்சீங்க?”

“மூலையில. புதுசா எழுப்பின சுவரு மேல, ஈரச் சாந்துல நட்டோம்.”

“எதுலயும் கட்டலையா?”

“கட்டறதுக்குத் தூண் இருந்தாத்தானே!”

“அப்ப இது என்னடா?”

டெரெக் எடுத்த படம் எல்லார் போனுக்கும் வந்திருந்தது. மாடி ஓரத்தில் மரத் தூண்கள் நின்றன, குறுக்கே தடுப்புக் கட்டைகள் இருந்தன. மூலைத் தூணில் சிலுவை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டையைக் காணோம். அது தரையில் கிடந்தது.

“தெரியலக்கா. பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நாந்தான் கழட்டினேனோ, மறந்துட்டேனோன்னு. பேசாம கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். அண்ணனே போறப்ப எனக்கு என்ன மயிரு மிச்சம்?”

“வாயை அலம்பு. உன் அண்ணி என்ன சொல்றா?”

“‘தடுப்பு இருந்துச்சா, இல்லையா’ன்னு ஒரே கேள்வி கேட்டாங்க. ‘இல்ல அண்ணி’ன்னேன். இந்தப் படத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. அவங்க கையால கட்டின பூவு அதுல இருக்கு. அப்புறம் கதவைச் சாத்திட்டாங்க.” அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். “மூளை செத்துப் போச்சுன்னுட்டாரு டாக்டரு. ஆறு மணிக்குச் சாமியார் வராரு, மூச்சுக் குழாயை எடுக்கப் போறாங்க. அதுக்குள்ள ஒரு தடவை அண்ணன் கையைப் பிடிச்சுட்டாப் போதும்க்கா. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

எதெல்வினா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காகிதப் பூக்கள் நனைந்து தொங்கின. தூண் புதுப் பைன் மரம், பால் வெள்ளை. அதில் ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

காலை 11.40.

தாழ்வாரத்து நாற்காலியில் மேஸ்திரி அன்செல்மோ இருந்தான். அண்ணன் தம்பி இருவரையும் ஊரிலிருந்து வரவழைத்து, கரண்டி பிடிக்கக் கற்றுக் கொடுத்து, வேலையில் சேர்த்துவிட்டவன். ஹசிந்தோவின் ஐந்து வயது மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். குழந்தை அவனை ‘ஞானப்பா’ என்றுதான் கூப்பிடும். இப்போது சிவப்பு மிட்டாய் ஒழுகிய வாயோடு அவன் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவனுடைய வெள்ளை ஹெல்மெட். அதன் முன் விளிம்பில் பழைய சிமென்ட், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. குழந்தை இருக்கும் இடத்தில் எதில்தான் மிட்டாய் ஒட்டாது?

“நேத்துக் காலையில எங்க இருந்தீங்க மேஸ்திரி?”

“கீழ, கலவை போட்டுக்கிட்டு.”

“தடுப்பு?”

“திங்கக்கிழமையே போடச் சொன்னேன். தூணு, கட்டை எல்லாம் மேல ஏத்தியாச்சு. போட்டாங்களா இல்லையான்னு நான் ஏறிப் பாக்கல. என் தப்புதான், ஒத்துக்கறேன்.”

“சிலுவை நட்டப்ப?”

“நான் மேல போகலக்கா. முழங்கால் வலி. தெருவுல நின்னே கும்பிட்டுக்கிட்டேன்.”

“விழுந்தப்புறம்?”

“ஆம்புலன்ஸ் போனதும் லாரியில ஏறி உக்காந்துட்டேன். கை காலெல்லாம் உதறல். டெரெக் வந்து கண்ணாடியைத் தட்டற வரைக்கும் இறங்கல. நேத்துப் பூரா நான் அந்த மாடியில கால் வெக்கல.”

“நிக்கானோர் தடுப்பே இல்லைங்கிறான்.”

“பாவம், சின்னப் பையன். அவனைப் போட்டு வதைக்காதீங்கக்கா.” சொல்லிக்கொண்டே அன்செல்மோ அழுதான். தோள் குலுங்க, குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை நிஜம். அதில் எதெல்வினாவுக்குச் சந்தேகமே இல்லை.

பகல் 12.15.

ஹசிந்தோவின் மனைவி ஒஃபேலியா தாழ்வாரக் கோடியில் கை கழுவும் தொட்டி முன் நின்றாள். சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“போக மாட்டேங்குதுக்கா.”

“எதுடி?”

“கலர்த் தாளு. முந்தாநாள் உக்காந்து அறுபது பூ பண்ணேன். கை வேர்த்தாலே சாயம் ஒட்டிக்குது. தண்ணி பட்டா இன்னும் மோசம்.” பத்து விரல் நுனியும் இளஞ்சிவப்பாக இருந்தன. வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் ரோஸ் நிறக் கோடுகளாக இறங்கியது. “இறுக்கிக் கட்டுங்க, காத்துல விழுந்துடக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன். நான் அதைச் சொல்லாம இருந்திருந்தா அவன் கட்டையைக் கழட்டியிருப்பானா? எதுக்குக்கா எனக்கு இந்தப் பூவு? யாரு கேட்டா?”

எதெல்வினா குனிந்தாள். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒஃபேலியா, நேத்து நீ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தப்ப மழை பெஞ்சுதா?”

“மழையா? தொப்பலா நனைஞ்சுதான் வந்தேன். பதினொன்னே கால் இருக்கும். இப்ப மழையைப் பத்திப் பேசறீங்களே!”

எதெல்வினா மறுபடி படத்தைத் திறந்தாள். இம்முறை பூவைப் பார்க்கவில்லை. தூணை மட்டும் பார்த்தாள். பிறகு ஆய்வாளருக்குப் போன் செய்து, தொழிலாளி தரப்பில் தான் வருவதாகச் சொன்னாள்.

பிற்பகல் 3.30.

ஆய்வாளர் கேத்லின் முத்திரையை உடைத்து மாடிக் கதவைத் திறந்தாள். அவளுக்கு ஸ்பானிஷ் வரும். கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வரும். பின்னால் டெரெக், எதெல்வினா, நிக்கானோர். கடைசியாக அன்செல்மோ.

வெயிலுக்காக வெள்ளைப் பூச்சு அடித்த தரை. மூலையில் சிலுவை. அதைப் பார்த்த மாத்திரத்தில் நிக்கானோர் தொப்பியைக் கழற்றினான். அன்செல்மோவின் கையும் தானாக எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றியது. டெரெக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேடம், சீக்கிரம் முடிச்சுக்கலாம். பையன் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கான்.”

“ரெண்டே கேள்வி சார்,” என்றாள் எதெல்வினா. “இந்தச் சிலுவை எப்பத் தூண்ல கட்டினது?”

“காலையில, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. அதுக்காகத்தான கட்டையைக் கழட்டினாங்க.”

“அப்புறம் யாராவது தொட்டாங்களா?”

“யாரும் தொடல.”

“ஆய்வாளரம்மா, நேத்து மழை எப்ப?”

கேத்லின் குறிப்பேட்டைப் புரட்டினாள். “பதினொன்னு பத்துலேருந்து பதினொன்னு முப்பத்தஞ்சு வரைக்கும். அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.”

எதெல்வினா கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, ஒரே ஒரு பூவின் மேல் வைத்து எடுத்தாள். கைக்குட்டை ரோஸ் நிறமாயிற்று.

“அறுபது பூவு. இருபத்தஞ்சு நிமிஷ மழை. சார் சொல்ற மாதிரி இது காலையிலேருந்து இங்கயே இருந்திருந்தா, இந்தத் தூணு எப்படி இருக்கணும்? ஒரு சொட்டுச் சாயம் காட்டுங்க பாப்போம்.”

தூண் பால் வெள்ளையாக நின்றது. 

“இப்ப அதுக்குப் பின்னாடி பாருங்க.” மூலைச் சுவரில் காய்ந்த சாந்தில், சிலுவைக் காலின் அளவுக்கு ஒரு குழி இருந்தது. அதிலிருந்து செங்கல் மீது ரோஸ் நிறக் கோடுகள் வழிந்து, வெள்ளைத் தரையில் இறங்கிப் படர்ந்து, தூணின் அடிப்பலகை வரை வந்திருந்தன. “இந்தப் பலகையைத் தூக்கிப் பாக்கணும் ஆய்வாளரம்மா.”

கேத்லின் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டாள். பிறகு திருகுகளைக் கழற்றி, டெரெக்கைத் தொடவிடாமல், பலகையைத் தானே நகர்த்தினாள். மேல்பக்கம் சுத்தம். அடியில் இருந்த தரை முழுக்க ரோஸ் சாயம்.

“மழை பெஞ்சப்ப இங்க தூணே இல்ல,” என்றாள் எதெல்வினா. “மழை விட்டு, சாயம் வழிஞ்சு முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வந்திருக்கு. ஆள் விழுந்து முக்கால் மணி நேரம் கழிச்சு.”

நிக்கானோர் அந்தச் சாயத்தைக் குனிந்து பார்த்தான். “நான் கழட்டலக்கா,” என்றான், யாரோ தன்னிடம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது போல.

“யார் போட்டதுன்னு எனக்கென்ன தெரியும்?” என்றார் டெரெக். “நான் வந்ததே பன்னெண்டு மணிக்கு.”

“நீங்க போடல. நீங்க போட்டிருந்தா இந்தச் சிலுவை கீழ குப்பைத் தொட்டியில கிடந்திருக்கும். தூண் நிக்க இது இடைஞ்சல், பிடுங்கியே ஆகணும். பிடுங்கினவன் தூக்கிப் போடல. போட முடியாது. மந்திரிச்ச சிலுவைய நம்ம கொத்தனாரு தூக்கிப் போடுவானா? தெருவைப் பாத்து நிமித்தி வெச்சு, கம்பியை நாலு சுத்து சுத்திக் கட்டியிருக்கான். நிக்கானோர் அப்ப ஆஸ்பத்திரியில. சித்தாளுங்க ரெண்டு பேரும் எப்பவோ ஓடிட்டாங்க. மிச்சம் யாரு?”

எதெல்வினா அன்செல்மோவின் பக்கம் திரும்பினாள்.

“கட்டி முடிச்சதும் ஈரக் கையோட தலையில இருந்ததைக் கழட்டிக் கும்பிட்டிருக்கான். மேஸ்திரி, சித்த முன்னாடி கழட்டினீங்களே, அதே மாதிரி. ஹெல்மெட்டக் குடுங்க.”

அன்செல்மோ நீட்டினான்.  எதெல்வினா நனைந்த கைக்குட்டையின் மறு முனையால் அந்தக் கறையைத் தொட்டாள். பூவில் எடுத்த அதே ரோஸ் ஒட்டியது.

“குழந்தையோட மிட்டாய்னு நானும் நெனச்சேன். மிட்டாய்னா பிசுபிசுக்கும், இது பிசுபிசுக்கல. காலையில பூ காஞ்சிருந்தப்ப நீங்க மேல வரல. நேத்துப் பூரா மாடியில கால் வெக்கலேன்னு நீங்களேதான் சொன்னீங்க. அப்ப இந்த ஈரச் சாயம் உங்க கையில எப்படி வந்துது அன்செல்மோ?”

அன்செல்மோ மண்டியிட்டான். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ.

“பதினொன்னே காலுக்கு டெரெக் போன் பண்ணாரு. ‘நான் வர்றதுக்குள்ள தடுப்பு நிக்கணும். ஒரு எடத்துல மட்டும் கட்டையைக் கழட்டிப் போடு. உனக்கும் தாள் இல்லேங்கிறது ஞாபகம் இருக்கட்டும்’னாரு. மழை விடற வரைக்கும் படிக்கட்டுல நின்னேன். அப்புறம் போட்டேன். நான் திருகு போடறேன், கீழ பேக்கரிக்காரங்க அவன் ரத்தத்தைத் தண்ணி விட்டுக் கழுவறாங்க. சிலுவைய என்ன பண்றதுன்னு தெரியல. தூக்கிப் போட மனசு வரலக்கா.”

“பொய் சொல்றான்,” என்றார் டெரெக்.

“உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க,” என்றாள் கேத்லின். டெரெக் வக்கீலிடம் பேச வேண்டும் என்றார். “பேசுங்க. அந்த அழைப்போட விவரம் எப்படியும் எங்களுக்குக் கிடைக்கும்.”

அன்செல்மோ நிக்கானோரைப் பார்த்தான். “திங்கக்கிழமை உன் அண்ணன் என்கிட்ட வந்தான்டா. ‘தடுப்புப் போட்டுட்டு ஆரம்பிக்கலாம்ணே, எதெல்வினா அக்கா சொல்லிக் குடுத்திருக்காங்க’ன்னான். ஒரு நாள் வேலை கெட்டுப் போகும்னேன். பாத்து நில்லுடா, போதும்னேன். சரிண்ணேன்னு போயிட்டான்.”

எதெல்வினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவன் மறக்கவில்லை. கேட்டிருக்கிறான். கேட்டும் பிழைக்கவில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

மணி 3.58. கையெழுத்தில்லாத தாளைக் கேத்லின் வாங்கி உறையில் போட்டு ஒட்டினாள்.

“என்னையும் கூட்டிட்டுப் போடா,” என்றான் அன்செல்மோ. “ஒஃபேலியா கால்ல விழறேன். ஒரே ஒரு தடவை.”

நிக்கானோர் படிக்கட்டை நோக்கி ஓடினான். அன்செல்மோவின் வாக்குமூலம் எழுத இன்னும் நேரம் ஆகும் என்றாள் கேத்லின்.

மாலை 5.20.

பாலத்தில் நெரிசல். பஸ் நகரவே இல்லை. நிக்கானோரும் எதெல்வினாவும் பாதி வழியில் இறங்கி நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்தார்கள். சாமியார் ஏற்கெனவே உள்ளே இருந்தார். ஒஃபேலியா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“இருந்துச்சா, இல்லையா?”

“இல்ல அண்ணி.”

அவள் எதெல்வினாவைப் பார்த்தாள்.

“இல்லடி,” என்றாள் எதெல்வினா. “விழுந்தப்புறம் வெச்சது. உன் பூவுதான் காட்டிக் குடுத்துது. உன் பூவால ஒண்ணும் ஆகல.”

“யாரு வெச்சது?”

காலையில் அன்செல்மோ இருந்த தாழ்வாரத்து நாற்காலியை நிக்கானோர் பார்த்தான். அது காலியாக இருந்தது. ஒஃபேலியா அந்த நாற்காலியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஓவென்று கதறினாள். இரண்டு நாளில் அப்போதுதான் அவள் அழுகை வெளியே வந்தது. கதறியபடியே மைத்துனனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நிக்கானோர் அண்ணனின் கையை எடுத்துக்கொண்டான். நகக்கண்ணில் இன்னும் சாந்து இருந்தது.

6.05-க்குக் குழாயை எடுத்தார்கள். 6.24-க்கு ஹசிந்தோ இறந்தான். வயது முப்பத்துநான்கு.

வெளியே பெஞ்சில் படுக்கவைத்திருந்த குழந்தை விழித்துக்கொண்டு தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தேடியது. எதெல்வினா அதைத் தூக்கிக்கொண்டாள்.

“ஞானப்பா எங்க?”

எதெல்வினா குழந்தையின் வாயோரத்து மிட்டாய்க் கறையைத் துடைத்தாள். 

“மிட்டாய் வாங்கிட்டு வரேன்னு சொன்னாரு,” என்றது குழந்தை.